சரியில்லாத கோல்

பில்லியர்ட்ஸ் கோலை எப்படிப் பார்த்து எடுப்பது என்று கேட்டால் நான் ஒரு மணி நேரம் பேசுவேன். கேட்காவிட்டாலும் பேசுவீர்கள் என்பாள் என் மனைவி. முதலில் கோலை மேசைமேல் போட்டு உள்ளங்கையால் உருட்டிவிட வேண்டும். நுனி துள்ளாமல் ஓடினால் கோல் நேர். துள்ளினால் கோணல், யோசிக்காமல் கீழே வைத்துவிடு. பிறகு ஒற்றை விரலில் கிடத்தி பாரம் எங்கே நிற்கிறது என்று பார். நுனியில் ஒட்டியிருக்கும் தோல் கல்லாய் இறுகியிருக்கிறதா, பஞ்சாய் நைந்திருக்கிறதா என்று நகத்தால் அழுத்திப் பார். இதெல்லாம் யாருக்கும் சொல்லித் தரலாம். ஆனால் தன் ஆட்டம் எப்படிப்பட்டது என்று அவனவனுக்குத்தான் தெரிய வேண்டும். ஓங்கி அடிக்கிறவனுக்குக் கனத்த கோல், தடவிக் கொடுக்கிற மாதிரி அடிக்கிறவனுக்கு லேசான கோல். ஆளுக்கும் கோலுக்கும் பொருத்தம் இல்லையென்றால் ஆட்டம் விடிந்த மாதிரிதான்.

எல்லாம் எனக்கு அத்துப்படி. அத்துப்படியாக இருந்து என்ன கிழித்தேன்? என் வலது கையைப் பாருங்கள். சுண்டு விரலும் மோதிர விரலும் உள்ளே மடங்கியபடி நின்றுவிட்டன. சுத்தியால் தட்டினாலும் அந்த விரல்களுக்குத் தெரியாது. நான் கோலைப் பார்த்துக்கொண்டிருந்த காலமெல்லாம் கை போய்க்கொண்டிருந்தது. ஒருத்தனும் சொல்லவில்லை, பாவிகள். அத்தனை பேரும் நல்லவர்கள், அதுதான் இன்றைக்கும் நெஞ்சை அடைக்கிறது.

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, முந்தின வருஷங்கள் அவை. மலாக்காவில் காஜா பேராங்கில், கல்யாணமாகிக் கொஞ்ச காலமே ஆன நானும் மனைவியும் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் ஒரு ரப்பர் கிடங்கில் கிராணி. காலையிலிருந்து மாலை வரைக்கும் ரப்பர் ஷீட்டின் புகை நாற்றத்தில் உட்கார்ந்து எழுதுகிற வேலை. மாலையில் குளித்துவிட்டு, வீட்டுக்கு நாலு எட்டில் இருந்த கிளப்புக்குப் போவேன். கிளப் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சைக்கிள் கடைக்கு மேலே ஒரு மாடி, அதில் ஒரே ஒரு பில்லியர்ட்ஸ் மேசை. வெள்ளைக்காரர்கள் ஆடித் தேய்த்துத் தள்ளிவிட்ட மேசை அது. பச்சைத் துணியில் இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கும். ஒரு மூலைப் பக்கம் பந்து தானாகவே சரியும். எங்களுக்கு அதுவே அரண்மனை.

கோல்கள் சுவரில் ஒரு மரச்சட்டத்தில் வரிசையாக நிற்கும். சுவரில் நிற்பது எல்லாருக்கும் பொது. சொந்தக் காசு போட்டு வாங்கிவந்தாலும் அங்கே மாட்டிவிட்டால் பொதுதான். பூட்டுப் போட்ட தகரப் பெட்டியில் கோலை வைத்துக்கொள்வதெல்லாம் துரைமார் வழக்கம். எங்கள் சுவர் வரிசையில் மெலிந்த கோல் ஒன்று எனக்கென்று செய்தது போலிருக்கும். ஆனால் நான் படியேறி வருவதற்குள் அதை எவனாவது எடுத்து ஆடிக்கொண்டிருப்பான். திரும்ப வைக்கும்போது வேறு இடத்தில் சொருகியிருப்பான், சாக்கட்டித் தூளை அப்பி வைத்திருப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஒரு நாளாவது நான் வெச்ச கோல் வெச்ச இடத்துல இருந்திருக்கா? நாசமாப் போங்க!" என்று கத்துவேன். எல்லாரும் சிரிப்பார்கள். ஒருத்தனும் தொடாத கோல் ஒன்று எனக்கென்று இருக்க வேண்டும் என்பதுதான் அப்போது என் பெரிய ஆசை.

அந்த மாடியில் எனக்கு ஜோடி ஒருவர்தான். மலாக்காச் செட்டி, தலைமுறை தலைமுறையாக இங்கேயே ஊறிப்போன வம்சம்; பக்கத்துக் கம்பத்துக்காரர், கம்பம் என்றால் இங்கே கிராமம்; துறைமுகத்தில் வேலை. நெற்றியில் திருநீறு இருக்கும், வாயில் தமிழ் வராது. சாமி கும்பிடுகிற நாலு சொல்லைத் தவிர மற்றதெல்லாம் அவர்கள் பேசும் மலாய்தான். என்னைவிட மூத்தவர் என்பதால் அபாங் என்று கூப்பிடுவேன். அவர் என்னை அடேக் என்பார். அண்ணன் தம்பி மாதிரித்தான் இருந்தோம். அவர் பேசியதையெல்லாம் இங்கே தமிழில்தான் எழுதுகிறேன், ஒரு வாக்கியத்தைத் தவிர.

அந்த வாக்கியம் இதுதான்: "கியூ தா பாகுஸ்." கோல் சரியில்லை என்று அர்த்தம். யார் ஆரம்பித்து வைத்தார்களோ, அந்த மாடியில் அது ஒரு சம்பிரதாயமாகவே ஆகியிருந்தது. ஒருத்தன் சுலபமான பந்தைத் தவறவிட்டால், எதிரே ஆடுகிறவன் உடனே அதைச் சொல்லியாக வேண்டும். தோற்றவனைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது, கை சரியில்லை, கண் சரியில்லை என்று சொல்லவே கூடாது. பழி கோலுக்கு. நானும் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். செட்டி, தமிழன், போர்த்துகீசுக்காரன், சீனன் என்று நாலு சாதிக்காரன் ஒரே மேசையில் மனஸ்தாபம் இல்லாமல் ஆட வேண்டுமே. நல்ல வழக்கம்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

என் ஆட்டம் தடவல் ஆட்டம். வெள்ளைப் பந்தை மெல்ல அனுப்பி, சிவப்பை முத்தமிட்ட மாதிரி தொட்டுவிட்டு, அடுத்த பந்தின் மேல் போய் சாய வைப்பேன். அதற்கு வலது கையின் பின்விரல்கள் கோலை வெறுமனே ஏந்திக்கொண்டிருக்க வேண்டும். கோல் போகிற போக்கு அந்த விரல்களுக்குத்தான் முதலில் தெரியும்.

ஒரு நாள் தெரியவில்லை. மெலிந்த கோல் கையில் இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகமாக இருந்தது. பந்து பாதி தூரம்கூடப் போகவில்லை. "கியூ தா பாகுஸ்" என்றார் அபாங். ஆமாம் என்று நினைத்தேன். தோலை மாற்றி ஒட்டினேன். மறுநாளும் அதே கதை. "கியூ தா பாகுஸ், அடேக்." சரி, மரம் காய்ந்து எடை குறைந்துவிட்டது போல என்று அடுத்த கோலுக்குப் போனேன். அது கொஞ்சம் தடித்தது. சில வாரங்கள் நன்றாக ஆடினேன், பிறகு அதுவும் கையைவிட்டுப் போனது. அதைவிடத் தடித்ததற்குப் போனேன். இப்படியே சுவரில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தேன். நடுநடுவே வியாக்கியானம் வேறு. "ஆட்டம் மாறுது அபாங், இனிமே ஓங்கி அடிக்கிற ஆட்டம்தான்" என்பேன். அவரும் தலையாட்டுவார்.

வீட்டில் மனைவிக்கு இந்தச் சம்பிரதாயம் எதுவும் தெரியாது. தினமும் நான் கோலைத் திட்டிக்கொண்டே சாப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் ஒரு நாள் சொன்னாள்: "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கோலைப் பாக்குற நேரத்துல கொஞ்சம் உங்க கையையும் பாருங்களேன்."

"என் கைக்கு என்னடி கேடு?"

"நேத்து கோப்பிச் சட்டியைப் புடிச்சீங்களே, சுட்டுக் கொப்பளிச்சிருக்கு. ஆ ஊன்னுகூடச் சொல்லலியே."

"கிடங்குல வேலை செய்யற கை காய்ச்சுப் போயிருக்கும். நீ உன் வேலையப் பாரு."

முழங்கைக்குக் கீழே வெளுத்த திட்டு ஒன்று இருந்தது. தேமல் என்று அவளே தினமும் களிம்பு தடவிவிடுவாள். தடவும்போது எனக்கு ஜில்லென்றுகூட இருக்காது. நல்ல களிம்பு, எரிச்சலே இல்லை என்று அதற்குப் பாராட்டு வேறு.

வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டத் தொடங்கிய சமயம் அது. அவர்கள் வீட்டு நாற்காலி, அலமாரி, பீங்கான் எல்லாம் மலாக்கா டவுனில் ஒரு ஏலக்கடைக்கு வந்து குவிந்தன. கோல்களும் வந்திருக்கின்றன என்று கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அபாங்கைக் கூட்டிக்கொண்டு போனேன். மூலையில் ஒரு கட்டாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். நான் ஒவ்வொன்றாக எடுத்து, கடைக்காரர் முறைப்பதைப் பொருட்படுத்தாமல் ஒரு சாப்பாட்டு மேசையின் மேலேயே உருட்டிப் பார்த்தேன். அபாங் மெலிந்த கோல் ஒன்றை எடுத்து நீட்டினார். அழகான கோல், தேன் நிறம், துரும்பாய் அவர் கையில் நின்றது. "இது உன் ஆட்டம்" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். அது பிடியில் நிற்கவே இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. இருந்ததிலேயே தடித்த கோலை எடுத்தேன். உலக்கை மாதிரி இருந்தது. அடிப்பக்கம் ஒரு முகமாகச் சீவி, அதில் ஒரு பித்தளைத் தகடு பதித்திருந்தார்கள். முந்தின சொந்தக்காரனான துரையின் பெயர் அதில் வெட்டியிருந்தது. அதைப் பிடித்தபோதுதான் கையில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது.

"இதுதான்" என்றேன்.

அபாங் கோலைப் பார்க்கவில்லை, அதைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தார். சுண்டு விரல் கோலைச் சுற்றாமல் விலகி நின்றது. ரொம்ப நேரம் பார்த்தார். ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"என்ன அபாங்?"

"ஒண்ணுமில்லை அடேக். நம்ம மாடியில் இருக்கிற கோலெல்லாம் பழசு. எதுவும் சரியில்லைதான்" என்றார்.

அன்றைக்கே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் அவரைத் திட்டியிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், ஒரு மாதம் பேசாமல்கூட இருந்திருப்பேன். ஆனால் கை மிஞ்சியிருக்கும். மரியாதைக்காரர், கேட்கவில்லை.

மெர்டேக்கா வந்தது. பாடாங் திடலில் கொடி ஏற்றினார்கள், பிள்ளைகள் காகிதக் கொடியோடு தெருவெல்லாம் ஓடினார்கள். எங்கள் மாடிப்படியிலும் தோரணம் கட்டி, அந்த வாரத்தில் ஒரு நாள் பகலில் பந்தயம் வைத்தோம். கடைசி ஆட்டம் எனக்கும் அபாங்குக்கும். அந்த மாடியில் அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. உலக்கைக் கோலோடு அன்றைக்கு எனக்கு நல்ல வேளை, பந்தெல்லாம் அடங்கி ஒடுங்கிப் போய் விழுந்தது. புள்ளியில் அபாங்கை நெருங்கிவிட்டேன். இன்னும் கொஞ்சம்தான். குனிந்து குறி பார்க்கிறேன், பின்னாலிருந்து யாரோ மூச்சை இழுக்கிற சத்தம் கேட்கிறது.

நிமிர்ந்தேன். பச்சைத் துணியில் கறுப்பாக ஒரு சொட்டு. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

"எவன்யா கோப்பியைச் சிந்தினது?" என்று கத்தினேன். "மேசைக்குப் பக்கத்துல கோப்பி கொண்டாராதீங்கன்னு எத்தனை தரம் சொல்றது? அறிவில்ல?"

அபாங் மேசைக்கு எதிர்ப் பக்கத்தில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கியூ..." என்று ஆரம்பித்தார். பழக்க தோஷம். வாக்கியத்தை முடிக்க முடியவில்லை அவருக்கு. வாய் திறந்தபடியே நின்றது.

அப்புறம்தான் நான் குனிந்து பார்த்தேன். துரையின் பெயர்த்தகடு ஒரு மூலையில் பெயர்ந்து நின்றது. அது என் உள்ளங்கை ஓரத்தைச் சுண்டு விரல் அடிவரைக்கும் கிழித்திருந்தது. ரத்தம் மணிக்கட்டுவரை வழிந்து, சட்டைக் கையை நனைத்திருந்தது. எத்தனை நேரமாக வழிகிறதோ, எனக்குத் தெரியாது. வலிக்கவே இல்லை. வலிக்கவில்லையே என்பது புரிந்த பிறகு எனக்கு வந்த பயத்தை இன்னும் மறக்க முடியவில்லை. கூட்டம் ஒரு அடி பின்னால் நகர்ந்தது. அதையும் பார்த்தேன்.

மறுநாள் காலையில் அபாங் தன் சைக்கிளின் பின்னால் என்னை உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டர் என்னைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். "ஊசியால் குத்துவேன், குத்தும்போது சொல்லு" என்றார். நான் காத்திருந்தேன். என்ன இந்த ஆள், ஆரம்பிக்கவே மாட்டேன் என்கிறாரே என்று எரிச்சலோடு கண்ணைத் திறந்தேன். அவர் ஊசியைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும்."

"ஒருத்தரும் கையைக் காட்டச் சொல்லலையா?"

"கோல் சரியில்லன்னு சொன்னாங்க டாக்டர்."

அவர் என்னை ஒரு பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். பிறகு பெருவியாதி, குஷ்டம் என்று சொன்னார். இப்போதெல்லாம் மாத்திரை இருக்கிறது, உயிருக்குப் பயமில்லை, பூரணமாகக் குணமாகும், ஆனால் செத்த நரம்பு திரும்ப வராது என்றார். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் கை தப்பியிருக்கும் என்றும் சொன்னார். நான் வெளியே வந்து அபாங்கிடம் சொன்னேன். அவர் சைக்கிள் மணியைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

சுங்கை பூலோவில் இருந்த பெருவியாதிக்காரர் குடியிருப்புக்கு அனுப்பினார்கள். தேமல் என்று நினைத்துக் களிம்பு தடவியவள், வண்டி ஏறுகிற வரைக்கும் தலையில் அடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவளுடைய அண்ணன் வந்து புக்கிட் ரம்பாயில் இருந்த தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கிடங்கில் என் நாற்காலிக்கு வேறு ஆள் வந்தான். வருஷங்கள் போயின. அங்கே என்னைவிட மோசமான கைகளைப் பார்த்தேன், மோசமான கால்களைப் பார்த்தேன். அவள் தீபாவளிக்குத் தீபாவளி முறுக்கு எடுத்துக்கொண்டு வந்து, ஒரு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என்னைப் பார்த்துவிட்டுப் போவாள். அபாங் வரவில்லை. எதிர்பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

குணமாகிவிட்டது என்று சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். காஜா பேராங்கிலேயே வேறொரு வீட்டில் முன்னறை கிடைத்தது. "போனா இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே" என்று அண்ணன் சொல்லியும் அவள் பெட்டியோடு வந்துவிட்டாள். வந்த முதல் நாள் வீட்டுக்காரம்மா எங்களை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மனைவி அந்த அம்மாளை நேராகப் பார்த்தபடி, நான் குடித்து மீதி வைத்த கோப்பியை அதே குவளையில் மடமடவென்று குடித்து முடித்தாள். குடித்துவிட்டு, "சக்கரை பத்தல" என்றாள். அப்படி ஒரு பெண்பிள்ளை எனக்கு வாய்த்தாள்.

சில நாள் கழித்து மாடிப்படி ஏறினேன். வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேதான் ஏறினேன். எல்லாரும் எழுந்து நின்றார்கள். வா வா என்றார்கள். அபாங்குக்குத் தலை நரைத்துவிட்டிருந்தது. "எப்படி இருக்கே அடேக்" என்று கேட்டார். ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. உலக்கைக் கோல் எங்கே என்று மட்டும் கேட்டேன். எரித்துவிட்டோம் என்றார்.

பிறகு அவர் சுவரண்டை போய், வரிசையில் கடைசியாக நின்ற கோலை எடுத்து வந்து என் முன்னால் மேசையில் உருட்டிவிட்டார். துள்ளாமல் ஓடியது. நான் வரப்போகிறேன் என்று கேள்விப்பட்டு அவரே உட்கார்ந்து செய்திருக்கிறார். மெலிந்த லேசான கோல், பழைய என் ஆட்டத்துக்கான கோல். அடிப்பக்கத்தில் மட்டும் சைக்கிள் டியூப் ரப்பரைச் சுற்றி, மடங்கின விரல்கள் வந்து உட்காருகிற மாதிரி ஒரு பள்ளம் விட்டிருந்தார். அந்த மரியாதைக்காரர் அன்றைக்கு ஏலக்கடையில் என் கையை எவ்வளவு நன்றாகப் பார்த்திருக்கிறார் என்று அந்தப் பள்ளத்தில் விரலை வைத்தபோதுதான் தெரிந்தது.

ஆடினேன். இரண்டு விரலும் கட்டைவிரலும்தான் வேலை செய்தன, அது போதுமாக இருந்தது. வெள்ளைப் பந்து மெல்லப் போய்ச் சிவப்பைத் தொட்டு, நான் நினைத்த இடத்தில் போய் நின்றது. எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என் ஆயுளில் அதைவிடப் பொருத்தமான கோலை நான் பிடித்ததில்லை. வருஷக்கணக்காகப் பொத்தி வைத்திருந்த கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. கோலைக் கொண்டுபோய் அதன் இடத்தில் நிறுத்திவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து வேர்வையைத் துடைத்தேன்.

அடுத்த ஆட்டத்துக்கு ஒருவர் எழுந்தார். ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த வாத்தியார், என்னை அவருக்குத் தெரியாது. வரிசையைப் பார்த்துக்கொண்டே போய், அந்தக் கடைசிக் கோல் அழகாக இருக்கிறது என்று கையை நீட்டினார்.

"அது வேண்டாம் சார்" என்றார் அபாங், மெதுவாக. "கியூ தா பாகுஸ்."

வாத்தியார் கையை இழுத்துக்கொண்டு வேறொன்றை எடுத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். அபாங் என் பக்கம் திரும்பவே இல்லை, நுனித் தோலில் சாக்கட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அவர் குரலில் வெறுப்பு இல்லை. தோற்றவன் மனம் நோகக் கூடாது என்று எத்தனையோ வருஷம் எனக்குச் சொன்ன அதே குரல். எழுந்து போய் அந்தக் கோலை முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்துப் போட வேண்டும் போல இருந்தது. ஒடிக்கவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடமும் சொல்லவில்லை, நன்றாக ஆடினேன் என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த வாரம் மறுபடியும் போனேன். என் கோல் நான் வைத்த இடத்திலேயே, நுனியில் இருந்த சாக்கட்டித் தூள்கூடக் கலையாமல் இருந்தது.